மாண்ட வீதி மீண்டது!

நாடகமும் சாப்பாட்டு லாரியும் ஒரு நகரத்தைக் காப்பாற்றுமா?

ஒரு நகரம் சாகுமா?

சாகும். ஆனால் ஒரே நாளில் சாகாது. முதலில் கடைகள் மூடும். பிறகு விளக்குகள் அணையும். கடைசியில், பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போகவே ஜனங்கள் அஞ்சுவார்கள்.

அமெரிக்காவில் பல பெரிய நகரங்களுக்கு இந்த நோய் வந்தது. நோய் பிடித்த இடம், ஊரின் நடுப்பகுதி. கடைவீதியும் ஆபீசுகளும் இருக்கும் அந்த இடத்தை அங்கே "டவுன்டவுன்" என்று சொல்வார்கள்.

நோய்க்கு அவர்கள் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். பழைய நாடகக் கொட்டகைகளைப் புதுப்பித்தார்கள். தெருவில் சாப்பாட்டு லாரிகளை வரிசையாக நிறுத்தித் திருவிழா நடத்தினார்கள். கூட்டம் வந்தது. விளக்கு எரிந்தது.

நோய் தீர்ந்ததா? கிளீவ்லாந்து நகரத்தின் கதையைக் கேட்டால் விடை தெரியும்.

ஒன்பது லட்சம் பேர்

கிளீவ்லாந்து, ஒகையோ மாநிலத்தில் இருக்கிறது. ஈரி என்ற பெரிய ஏரியின் கரையில் அமைந்த ஊர். எஃகு ஆலைகளால் பிழைத்த ஊர். 1950-ம் ஆண்டு அங்கே 9 லட்சத்து 14 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள்.

அந்த ஊரின் ராஜவீதிக்கு யூக்ளிட் அவென்யூ என்று பெயர். 1921, 1922 ஆகிய இரண்டே ஆண்டுகளில், அந்த வீதியை ஒட்டி ஐந்து கொட்டகைகள் எழுந்தன. ஓகையோ, ஸ்டேட், ஆலன், ஹன்னா, பாலஸ் என்று பெயர்கள். கொட்டகைகளா அவை? அரண்மனைகள்! ஸ்டேட் தியேட்டரின் முன்கூடம் மட்டும் 320 அடி நீளம்.

அந்த இடத்துக்கு "பிளேஹவுஸ் ஸ்கொயர்" என்று பெயர். நாம் நாடகச் சதுக்கம் என்று சொல்லிக் கொள்வோம்.

ஏன் இருண்டது?

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தது. வீட்டுக்கு வீடு மோட்டார் கார் வந்தது. அகலமான சாலைகள் வந்தன. வசதி உள்ளவர்கள் ஊருக்கு வெளியே தோட்டத்துடன் வீடு வாங்கிக் கொண்டு போனார்கள். கடைகளும் அவர்கள் பின்னாலேயே போயின.

எல்லோராலும் அப்படிப் போக முடிந்ததா? இல்லை. வெள்ளையர்களுக்குக் கிடைத்த வீட்டுக் கடன் கறுப்பர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்குக் கடன் கொடுக்க பாங்குகள் மறுத்தன. பணம் வெளியே போனது. ஏழ்மை உள்ளே தங்கியது. 1966-ம் ஆண்டு ஜூலை மாதம், ஹஃப் என்ற பகுதியில் கலவரம் மூண்டது. நாலு பேர் மாண்டார்கள்.

போதாக்குறைக்கு டெலிவிஷன் வந்தது. வீட்டிலேயே படம் பார்க்கலாம் என்றால், கொட்டகைக்கு யார் போவார்கள்?

1968 மே மாதத்துக்கும் 1969 ஜூலை மாதத்துக்கும் இடையில், நாலு கொட்டகைகள் மூடப்பட்டன. ஹன்னா மட்டும் தாக்குப் பிடித்தது.

இடம் தேடி வந்த இளைஞர்

1970-ம் ஆண்டு. ரே ஷெப்பர்ட்சன் என்ற இளைஞர், கிளீவ்லாந்து பள்ளிக்கூட நிர்வாகத்தில் வேலை பார்த்து வந்தார். ஆசிரியர்கள் கூட்டம் நடத்துவதற்கு ஓர் இடம் தேடினார். பூட்டிக் கிடந்த ஸ்டேட் தியேட்டருக்குள் போய்ப் பார்த்தார்.

உள்ளே இருந்த அழகைக் கண்டு அசந்து போனார். "இதையா பாழாய் விடுவது?" என்ற எண்ணம் அவரைப் பிடித்துக் கொண்டது. வேலையை விட்டார். கொட்டகைகளைக் காப்பாற்றப் புறப்பட்டார்.

1972-ம் ஆண்டு ஆபத்து நெருங்கியது. ஓகையோ, ஸ்டேட் ஆகிய இரண்டு கொட்டகைகளையும் இடித்துத் தள்ள ஏற்பாடு நடந்தது. எதற்காக? கார் நிறுத்துவதற்காக!

ஊரை விட்டு ஜனங்களைக் கூட்டிக் கொண்டு போனது கார். அந்தக் காருக்கே கொட்டகையைப் பலி கொடுப்பதா? நகர மக்கள் எதிர்த்தார்கள். பெண்கள் சங்கம் ஒன்று 25 ஆயிரம் டாலர் கொடுத்தது. இடிப்பு நின்றது.

அடுத்த ஆண்டு ஷெப்பர்ட்சன் ஒரு காரியம் செய்தார். மேடையைச் செப்பனிடப் பணம் இல்லை. ஆகவே முன்கூடத்திலேயே மேஜை நாற்காலி போட்டு, ஒரு பாட்டு நாடகத்தை நடத்தினார். ஜாக் பிரெல் என்ற பெல்ஜியப் பாடகரின் பாட்டுகளால் ஆன நாடகம் அது. சில வாரங்கள் ஓடினால் போதும் என்று நினைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் ஓடியது! மொத்தம் 522 ஆட்டங்கள்!

"இருட்டிய பிறகு அந்த வீதிக்கு யாரும் வர மாட்டார்கள்" என்று சொன்னவர்கள் வாயை மூடிக் கொண்டார்கள். ஜனங்கள் வீதியை வெறுக்கவில்லை. வருவதற்கு ஒரு காரணம் இல்லாமல் இருந்தது. அவ்வளவுதான்.

பிறகு ஒவ்வொரு கொட்டகையாகத் திறந்தது. 1982-ல் ஓகையோ. 1984-ல் ஸ்டேட். 1988-ல் பாலஸ். 1998-ல் ஆலன். ஹன்னாவும் புதுப்பிக்கப்பட்டு 2008-ல் திறந்தது. 2014-ம் ஆண்டு, வீதியின் நடுவே வானத்தைப் பார்த்தபடி ஒரு சரவிளக்கையே தொங்கவிட்டார்கள். 20 அடி உயரம். அதில் 4,200 படிகங்கள்!

பணம் எங்கிருந்து வந்தது?

டிக்கெட் பணத்தில் மட்டும் இவ்வளவும் நடக்குமா? நடக்காது.

1977-ம் ஆண்டு, ஓகையோவும் ஸ்டேட்டும் இருந்த கட்டிடத்தை மாவட்ட நிர்வாகமே விலைக்கு வாங்கியது. பழைமையான கட்டிடத்தை முறைப்படி புதுப்பித்து வருமானத்துக்கு விடுகிறவர்களுக்கு, மத்திய அரசாங்கம் வரிச் சலுகை கொடுக்கிறது. 100 டாலர் செலவு செய்தால், வரியில் 20 டாலர் கழித்துக் கொள்ளலாம். பணக்காரர்களும் கம்பெனிகளும் நன்கொடை கொடுத்தார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. அதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

2006-ம் ஆண்டு, அந்த மாவட்ட மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு வரியை ஏற்றுக் கொண்டார்கள். சிகரெட் பாக்கெட் ஒன்றுக்கு 30 சென்ட் வரி. (100 சென்ட் ஒரு டாலர்.) அந்தப் பணம் முழுவதும் கலைகளுக்கு!

நல்ல யோசனைதானே? ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிகரெட் பிடிக்கிறவர்கள் குறைந்தால், கலைக்கு வரும் பணமும் குறையும். அப்படியே நடந்தது. வரி வருமானம் பாதியளவுக்கு இறங்கியது. 2024 நவம்பரில் மறுபடியும் ஓட்டெடுப்பு நடத்தி, வரியை 70 சென்டாக உயர்த்தினார்கள்.

அமெரிக்காவில் சிகரெட் பழக்கம் பணக்காரர்களை விட ஏழைகளிடமே அதிகம். அதிக விலைக்கு டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கிறவர் வசதி உள்ளவர். அந்த நாடகச் சாலைக்குச் சிகரெட் வாங்கும் கூலித் தொழிலாளியும் பணம் கொடுக்கிறார். இது நியாயமா என்று அங்கே கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

சக்கரத்தின் மேல் சமையல் அறை

இனி சாப்பாட்டு லாரிக்கு வருவோம்.

லாரிக்குள்ளேயே அடுப்பு, பாத்திரம், சமையற்காரர் எல்லாம் உண்டு. பக்கவாட்டில் ஒரு ஜன்னல். அதன் வழியாகச் சுடச்சுடப் பலகாரம் வரும். 2008-ம் ஆண்டு பண நெருக்கடியில் பலர் வேலை இழந்தார்கள். ஹோட்டல் திறக்க நிறைய முதல் வேண்டும். லாரிக்கு அவ்வளவு வேண்டாம். ஆகவே லாரிகள் பெருகின.

அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ராய் சோய் என்ற சமையற்காரரும் கூட்டாளிகளும் "கோகி" என்ற லாரியை ஓட்டினார்கள். கொரியா நாட்டுப் பக்குவத்தில் சமைத்த இறைச்சியை, மெக்சிகோ நாட்டு ரொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். "இன்று இந்தத் தெருவில் நிற்கிறோம்" என்று ட்விட்டரில் செய்தி போடுவார்கள். ஜனங்கள் கியூ வரிசையில் காத்து நிற்பார்கள்!

இதைப் பார்த்த நகரங்கள் யோசித்தன. கொட்டகையைப் புதுப்பிக்கப் பல ஆண்டுகள் ஆகும். பத்து லாரிகளை வரவழைக்க ஒரு நாள் போதும். கிளீவ்லாந்திலும் கோடைக் காலத்தில் புதன்கிழமை மத்தியானம் வால்நட் தெருவில் லாரிகளை நிறுத்தினார்கள். ஆபீசுகளில் வேலை செய்தவர்கள் மாடியை விட்டு இறங்கி வந்தார்கள்.

ஆனால் வாடகை கொடுத்து ஹோட்டல் நடத்துகிறவர் சும்மா இருப்பாரா? "நான் மாதா மாதம் வாடகை கட்டுகிறேன். அவன் மத்தியானம் வந்து வியாபாரத்தைத் தட்டிக் கொண்டு போகிறான்" என்றார். சிக்காகோ நகரில், ஹோட்டலுக்கு 200 அடிக்குள் லாரி நிற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. லாரிக்காரர் வழக்குப் போட்டார். 2019-ம் ஆண்டு அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் "சட்டம் செல்லும்" என்று தீர்ப்புக் கூறியது.

தேர் நிலைக்கு வந்த பிறகு

இந்த மருந்தின் பலவீனம் 2020-ம் ஆண்டு வெளிப்பட்டது. கொரோனா வந்தது. கொட்டகைகள் மூடின. ஆபீஸ் வேலை வீட்டுக்குப் போனது. ஆபீஸ்காரர்களை நம்பிய லாரிக்கு வியாபாரம் எங்கே?

திருவிழாவுக்கு வந்த கூட்டம், தேர் நிலைக்கு வந்ததும் கலைந்து விடும். வீதியைத் தினமும் காப்பாற்றுகிறவர்கள் அங்கே குடியிருப்பவர்கள்தான். காலையில் பால் வாங்கவும், இரவில் மருந்து வாங்கவும் அவர்கள்தான் கடைக்குப் போவார்கள்.

நாடகச் சதுக்கத்தை நடத்துகிறவர்களுக்கும் இது தெரியும். 2020-ம் ஆண்டு அங்கே 34 மாடிக் கட்டிடம் ஒன்றைத் திறந்தார்கள். அதில் 318 வீடுகள். பக்கத்தில் இருந்த ஹாலே என்ற பெரிய துணிக்கடை 1982-ல் மூடிவிட்டது. அதன் மேல்மாடிகளும் பின்னால் வீடுகளாக மாறின.

நல்ல காரியம். ஆனால் அந்த வீடுகளுக்கு வாடகை கொடுக்க யாரால் முடியும்?

2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, கிளீவ்லாந்தின் ஜனத்தொகை 3 லட்சத்து 72 ஆயிரம். 1950-ல் இருந்ததில் பாதி கூட இல்லை. அவர்களிலும் ஏறத்தாழ பத்துப் பேரில் மூன்று பேர் வறுமையில் வாடுகிறார்கள். சரவிளக்கின் வெளிச்சம் அவர்கள் தெரு வரைக்கும் எட்டவில்லை.

ஆகவே, மருந்து பொய் என்று சொல்லலாமா? கூடாது. அந்தக் கொட்டகைகளை இடித்திருந்தால், இன்று அங்கே கார்கள்தான் நின்று கொண்டிருக்கும். நாடகம் ஜனங்களின் பயத்தைப் போக்கியது. லாரிகள் ஜனங்களைத் தெருவில் ஒன்று கூட்டின. அது முதல் படி. முதல் படியையே மாடி என்று நினைத்து விடக் கூடாது.

ஒரு வீதி பிழைத்து விட்டதா என்று தெரிய வேண்டுமா? திருவிழா நாளில் போய்ப் பார்க்காதீர்கள். திங்கட்கிழமை இரவு போய்ப் பாருங்கள். எத்தனை ஜன்னல்களில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். அந்த ஜன்னல்களில் ஏழை வீட்டு ஜன்னல் எத்தனை என்றும் எண்ணுங்கள்.