கீதைக்கு எழுந்த குரல் யாருக்கெல்லாம் எழ வேண்டும்?

2011 டிசம்பரில் மக்களவையில் பெரும் அமளி. சைபீரியாவின் தோம்ஸ்க் நகர நீதிமன்றத்தில் தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பகவத் கீதைக்குத் தடை கேட்டு அரசு வழக்கறிஞர்கள் மனுப் போட்டிருந்த செய்திதான் காரணம். கட்சி பேதமின்றி உறுப்பினர்கள் கொதித்தார்கள். வெளியுறவு அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணா ரஷ்ய அரசிடம் பேசினார். டிசம்பர் 28 அன்று மனு தள்ளுபடியானது. அடுத்த மார்ச்சில் மேல்முறையீடும் தோற்றது. திருத்தணி வட்டாரத்தாருக்கு இந்த வழக்கில் தனி அக்கறை இருப்பது நியாயம். அந்த மண்ணில் பிறந்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1948இல் கீதையை ஆங்கிலத்தில் விளக்கவுரையோடு வெளியிட்டார். மறு ஆண்டே மாஸ்கோவில் இந்தியத் தூதரானார்.

ஆனால் அன்று நாம் முன்வைத்த வாதம் பலவீனமானது. பல்லாயிரம் ஆண்டு பழைய நூலை எப்படித் தடை செய்யலாம் என்றோம். எங்கள் புகார் மூலத்தின் மீதல்ல, இஸ்கான் என்னும் கிருஷ்ண பக்தி இயக்கத்தின் நிறுவனர் பிரபுபாதரின் உரை மீதுதான் என்று ரஷ்ய அரசுத் தரப்பு எளிதாகச் சொல்லிவிட்டது. உண்மையில் அங்கே வழக்காடப்பட்டது ஒரு புதிய இயக்கத்தின் இருப்பு. பிரபுபாதர் 1965இல், 69 வயதில், சரக்குக் கப்பலில் அமெரிக்கா போய், மறு ஆண்டு நியூயார்க்கில் இஸ்கானைத் தொடங்கினார். 1971இல் சில நாள் மாஸ்கோவில் தங்கினார். அங்கே அவர் வழியை ஏற்ற ரஷ்யர்கள் பலர் 1980களில் சிறைக்கும் மனநல மருத்துவமனைக்கும் அனுப்பப்பட்டார்கள். 1988இல்தான் இயக்கத்துக்குப் பதிவு கிடைத்தது. புதிதாக வந்தவர்களுக்கும் நம்பும் உரிமை உண்டு என்பதே நாம் சொல்லியிருக்க வேண்டிய வாதம். அப்படிச் சொல்லியிருந்தால், 2017 ஏப்ரலில் அதே தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ரஷ்ய உச்ச நீதிமன்றம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பைத் தடை செய்தபோதும் பேசியிருப்போம். அந்தக் கொதிப்பு இங்கே எழவில்லை.

நம்முடையவர்களுக்காக நாம் பேசுவது இயல்புதானே என்பார்கள். இயல்புதான். ஆனால் நம்முடையவர் என்பதற்காக மட்டும் கேட்கும் உரிமையை எந்த அரசும் சலுகையாகத்தான் பார்க்கும். சலுகையை நாளை திரும்பப் பெறலாம். தவிர, சாட்சிகள் நமக்கு அந்நியரும் அல்லர். 1985இல் கேரளத்தில் தேசிய கீதம் பாட மறுத்ததற்காக, மரியாதையாக எழுந்து நின்றபோதும், அந்தச் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு நம் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பில், அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ரஷ்யாவிடம் நீட்டிக் காட்ட நம் கையில் இருந்த மிக வலுவான ஆவணம் அந்தத் தீர்ப்புதான்.

புதிய இயக்கங்களில் பண மோசடியும் கொடுமையும் நடக்கவில்லையா என்ற கேள்வி இன்னும் கனமானது. நடந்திருக்கிறது. 1970, 80களில் தங்கள் குருகுலங்களில் குழந்தைகள் வதைக்கப்பட்டதை இஸ்கானே 1998இல் ஒப்புக்கொண்டது. அதற்கு வழி, குற்றம் செய்தவரைப் பெயர் சொல்லிக் குற்றவியல் சட்டத்தில் நிறுத்துவது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தருவது. ரஷ்யா செய்வது அதுவல்ல. 2019இல் ஓர்யோல் நகரில் சாட்சிகள் சபையைச் சேர்ந்த டென்மார்க் குடிமகன் ஒருவருக்கு ஆறாண்டுச் சிறை விதித்தார்கள். அவர் யாரையும் ஏமாற்றியதாகவோ அடித்ததாகவோ வழக்கு இல்லை. தடை செய்யப்பட்ட சபையின் வழிபாட்டை நடத்தினார் என்பதே வழக்கு. தோம்ஸ்க் மனு வென்றிருந்தால், கீதை உரையை விநியோகிக்கும் ரஷ்யப் பக்தரும் இதே சட்டத்தில் சிக்கியிருப்பார்.