பூனையும் பயணம் வருமா?



வந்தாறுமூலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கடமையாற்றுகிறார். மேற்படிப்புக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்து போக இருக்கிறார்கள். பிள்ளைகளோ வீட்டுப் பூனையை விட்டுவர மாட்டோம் என்று அழுகிறார்களாம். இன்னொரு கவலையும் உண்டு: விமானத்தில் பக்கத்து ஆசனத்துக்காரர் நாயோடு வந்தால் தொழுகைக்கு என்ன செய்வது?

முதலில் பூனையைப் பார்ப்போம். டிக்கெட் எடுத்தபின் யோசிக்கும் காரியமல்ல இது. இங்கிலாந்துக்குள் விமானத்தில் வரும் செல்லப்பிராணி சரக்காகவே வர வேண்டும். மடியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. முதலில் தோலின் கீழ் அடையாளச் சில்லு பொருத்த வேண்டும். பிறகுதான் விசர்நாய் நோய்த் தடுப்பூசி. சில்லுக்கு முன் போட்ட ஊசி கணக்கில் சேராது. ஊசி போட்டு 30 நாளாவது சென்றபின் இரத்தப் பரிசோதனை. இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் பொறுக்க வேண்டும். ஆக, 4 மாதத்துக்குக் குறையாது. அவசரப்பட்டு அனுப்பினால் பூனை அங்கே தனிமைப்படுத்தப்படும், செலவும் உங்களுடையதே.

கூட்டுக்குள் பூனை எழுந்து நிற்கவும், திரும்பவும், படுக்கவும் இடம் வேண்டும். தூக்க மருந்து கொடுக்காதீர்கள். ஆகாயத்தில் அது ஆபத்து. சப்பை மூக்குள்ள பாரசீகப் பூனைக்கு மூச்சுச் சிரமம் வரக்கூடும் என்பதால் பல விமானங்கள் அதை ஏற்பதில்லை.

வளைகுடா செல்வோரும் கவனிக்கவும்: எல்லா விமானத்துக்கும் ஒரே விதியில்லை. எமிரேட்ஸ் பயணிகள் பகுதியில் பூனையை அனுமதிப்பதில்லை. எதிஹாத் சிறிய பூனையைக் கூட்டோடு அருகில் வைத்திருக்க விடுகிறது. ஆனால் இறங்கும் நாட்டின் சட்டத்தையும் விசாரிக்க வேண்டும்.

இனி நாய். பார்வையற்றவரின் வழிகாட்டி நாயைச் செல்லப்பிராணிகளோடு சேர்த்துப் பார்க்கக்கூடாது. பயிற்சி பெற்ற அந்த நாய் அவரது காலடியில் அமைதியாகப் படுத்திருக்கும். அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல், இப்படிப் பயிற்சி பெற்ற நாய்களை மட்டுமே விமானங்கள் கட்டாயம் ஏற்க வேண்டும்; மன ஆறுதலுக்காகக் கொண்டுவரும் பிராணிகளை மறுக்கலாம்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் ஈரம் பட்டால்தான் அந்த இடத்தை ஏழு தடவை, ஒரு தடவை மண் கலந்து, கழுவ வேண்டும். இரண்டும் உலர்ந்திருந்தால் பட்டாலும் நஜீஸ் இல்லை, வுளுவும் முறியாது. மனம் ஒப்பவில்லையென்றால் பணிப்பெண்ணிடம் மெதுவாகச் சொல்லி ஆசனம் மாற்றிக் கேளுங்கள். முகம் சுளித்துக் கூச்சலிட்டால் நோவது அந்தப் பார்வையற்றவரின் மனம்தான். 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் தொழ வந்தபோது, அவரது வழிகாட்டி நாய் தங்கப் பள்ளிவாசல் ஒன்று தொழுமிடத்துக்கு வெளியே இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

சகோதரிக்கு ஒரு வார்த்தை: நாலு மாதம் கையில் இல்லையென்றால் பூனையை உம்மா வீட்டிலோ, இரக்கமுள்ள அயலவரிடமோ ஒப்படையுங்கள். தீனிச் செலவையும் மாதாமாதம் அனுப்பிவிடுங்கள். தெருவில் மட்டும் விட்டுச் செல்லாதீர்கள். வாயில்லாச் சீவன் அது, பொறுப்பு நம்முடையது.