சீமைப் பிராந்தியும் நம் சிந்தனையும்

தோட்டத்திலே கள் குடித்தவனைக் குடிகாரன் என்று ஏசுகிறோம். அவன் நம் வாயிற்படி ஏறினால் முகஞ் சுளிக்கிறோம். பட்டணத்திலே மேனாட்டுப் பிராந்திப் புட்டியைக் கண்ணாடி அலமாரியில் நிறுத்தி, வருவோர் போவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்பவனையோ கனவான் என்று போற்றுகிறோம். இருவர் வயிற்றினுட் சென்று இருவர் அறிவையும் கெடுக்கும் சரக்கு ஒன்றே. அங்ஙனமாக, ஒருவனுக்கு இழிவும் மற்றவனுக்குப் பெருமையும் எங்கிருந்து வந்தன?

இக்கேள்வியை நண்பர் சிலரிடம் கேட்டோம். “பிராந்தி பழமையுடையது, அரசர் அருந்தியது, அரிய கலையாற் செய்யப்படுவது, மருந்துமாவது. கள்ளோடு அதனை ஒப்பிடலாமா?” என்று விடை பகர்ந்தனர். அவருள் ஒருவர் பிரான்சு தேசத்துக் கோன்யாக் நகரம் சென்று மீண்டவர். அவ்வூரைப் புண்ணிய தலம்போல் வருணித்தார். ஆகவே நாமும் அவ்வூர்க்குச் சென்றோம். ஒரு சனியும் ஒரு ஞாயிறும் அங்குத் தங்கினோம். வாலைகளையும் பீப்பாய்க் கிடங்குகளையும் சுற்றிப் பார்த்தோம். கண்டதை மறைக்காமலும் கூட்டாமலும் நேயர்கள் முன் வைக்கின்றோம்.

கரிய சுவர்கள்

தென்மேற்குப் பிரான்சில் ஷாராந்த் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் கோன்யாக். 1494ஆம் ஆண்டிலே, பின்னாளிற் பிரான்சின் மன்னனாகிய முதலாம் பிரான்சுவா பிறந்த கோட்டை ஆற்றோரமாக நிற்கிறது. அரசன் பிறந்த அக்கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வியாபாரிகள் கைக்கு வந்து பிராந்திக் கிடங்காயிற்று. இன்றும் அதன் தடித்த சுவர்களுக்குள் பீப்பாய்கள் உறங்குகின்றன.

அவ்வூரில் முதலிற் கண்ணைக் கவர்வது கட்டடங்களின் கருமை. கூரையும் சுவரும் புகை படிந்தாற்போற் கறுத்துக் கிடக்கின்றன. பீப்பாயில் அடைத்த பிராந்தி ஆண்டுதோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பங்கு ஆவியாகிக் காற்றிற் கலக்கிறது. அதனைத் ‘தேவதூதர் பங்கு’ என்று அவ்வூரார் அழகாக அழைக்கின்றனர். அந்த ஆவியை உண்டு வளரும் ஒருவகைப் பூஞ்சணமே சுவர்களைக் கருக்குகிறது. 1872இல் அவ்வூர் மருந்து வியாபாரி அந்தோனின் போதுவாங் என்பவர் இதனை முதன்முதல் ஆராய்ந்தெழுதினார். 2007இல் அறிஞர்கள் அப்பூஞ்சணத்திற்கு அவர் பெயரையே சூட்டினர். வழிகாட்டி தேவதூதரைப் பற்றி விரித்துரைத்தார்; பூஞ்சணத்தைப் பற்றி ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டார். இவ்வூர்ப் பேச்சு எத்தகையது என்பதை நாம் அப்போதே உணர்ந்தோம்.

எனினும் கலையைக் குறைகூற நாம் வரவில்லை. அங்கே விளையும் திராட்சை பெரும்பாலும் உய்னி பிளாங் என்னும் ஒரே இனத்தது. அதன் மது புளிப்பு மிக்கது, வீரியங் குறைந்தது, அப்படியே பருகுதற்கு இனியதன்று. அதனைச் செம்பு வாலையிலிட்டு நேர்நெருப்பிற் காய்ச்சுகின்றனர். ஆவி அன்னக் கழுத்துப்போல் வளைந்த குழாயின் வழியே சென்று, குளிர்நீருள் அமைந்த சுருளிலே துளிக்கிறது. முதற் காய்ச்சலில் வந்ததை மறுபடியும் காய்ச்சி, தலையையும் வாலையும் ஒதுக்கி, நடுப்பகுதியை மட்டும் கொள்கின்றனர். ஏறத்தாழ 9 லிட்டர் மது 1 லிட்டராகச் சுருங்குகிறது. மார்ச்சு மாதம் 31ஆம் தேதிக்குள் அவ்வாண்டின் வாலைவேலை முடிந்தாக வேண்டுமென்பது சட்டம். பின்னர் லிமுசேன், துரோன்சே காடுகளின் ஓக்கு மரத்தாற் செய்த பீப்பாய்களில் அடைத்து ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர். பாட்டன் அடைத்ததைப் பேரன் திறக்கும் வழக்கமும் உண்டு. இத்தகைய பொறுமையைக் கண்டு வியவாதிருப்பது அறிவுடைமையாகாது. ருசி பார்க்குங் கூடத்தில் எமக்கும் ஒரு கிண்ணம் நீட்டினர். முகர்ந்து பார்த்துத் திருப்பி வைத்தோம். மணம் இனிதே, பொய் சொல்வானேன்? ஆனால் இனிய மணம் ஒரு பொருளை நல்லதாக்கிவிடுமோ?

பழமை என்னும் மயக்கு

நண்பர் சொன்ன பழமையை இனி ஆராய்வோம். இப்பானம் எந்த அரசன் கட்டளையாலும் பிறந்ததன்று. உப்பு வாங்க ஷாராந்த் ஆற்றுக்கு வந்த வடநாட்டுக் கப்பல்காரர் அங்குள்ள மதுவையும் ஏற்றிச் சென்றனர். நெடுந்தூரப் பிரயாணத்தில் மது கெட்டது. ஒல்லாந்த வியாபாரிகள் அதனைக் காய்ச்சி வடித்தனர். ‘எரித்த மது’ என்று பொருள்படத் தம் மொழியிற் பெயரிட்டனர். அப்பெயரே சிதைந்து ‘பிராந்தி’ ஆயிற்று. கெட்டுப்போகும் சரக்கைக் காசாக்க வியாபாரி கண்ட உபாயமே இது. அரச பரம்பரை பின்னால் ஒட்டவைத்த கதை.

புட்டியின்மேல் மின்னும் பெயர்களைப் பாருங்கள். 1715இல் கடை தொடங்கிய மார்ட்டேல் ஜெர்சித் தீவினர். 1765இல் தொடங்கிய ஹென்னஸி அயர்லாந்தினர். அங்கு வந்து குடியேறிய வியாபாரிகளின் பெயர்கள் இவை. கொடி நட்டவன் பெயர் அவ்வெழுத்துக்களில் இல்லை. வி.எஸ்.ஓ.பி. என்னும் நான்கெழுத்தைக் கண்டால் நம்மவர் மெய்சிலிர்க்கின்றனர். அவை பிரெஞ்சு எழுத்துக்களே அல்ல. ‘மிகச் சிறந்த பழைய வெளிறிய சரக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள். வாங்குபவன் இலண்டனில் இருந்தான். ஆகவே விற்பவன் அவன் மொழியிற் பேசினான். இன்று சட்டப்படி அதன் பொருள், கலவையில் உள்ள மிக இளைய சரக்கு 4 ஆண்டாவது பீப்பாயில் இருந்தது என்பதே. ‘நெப்போலியன்’ என்று பொறித்த புட்டியும் சக்கரவர்த்தியின் காலத்ததன்று. அதற்கு 6 ஆண்டு போதும். எக்ஸ்.ஓ. என்பதற்கு 2018 முதல் 10 ஆண்டு.

இன்னொன்றும் கேளுங்கள். பிராந்தி மரப் பீப்பாயில் இருக்கும்வரைதான் முதிர்கிறது. கண்ணாடிப் புட்டியில் அடைத்தபின் அதன் வயது நின்றுவிடுகிறது. மகள் பிறந்தபோது வாங்கிய புட்டியை அவள் திருமணம்வரை அலமாரியில் வைத்து, “இருபது ஆண்டுச் சரக்கு” என்று பெருமை பேசுவோர் நம்மில் உளர். புட்டியின்மேல் இருபது ஆண்டுத் தூசு ஏறியிருக்கும். உள்ளேயிருப்பது வாங்கிய நாளில் இருந்த அதே சரக்கு. பொன்னிறமும் முழுவதும் பழமையின் சாட்சியன்று. நிறத்திற்காகக் கருக்கிய சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடந்தருகிறது.

பழமை பேசுவோர் பழமை முழுவதையும் பேசட்டும். கோன்யாக்கின் மேற்கே கடற்கரையில் லா ரொஷெல் துறைமுகம் இருக்கிறது. நானூறுக்கு மேற்பட்ட அடிமைக் கப்பல்கள் அத்துறையினின்று பாய்விரித்துச் சென்றன. ஆப்பிரிக்கக் கரையில் மனிதரை விலைக்குக் கொள்ள அக்கப்பல்கள் கொண்டுபோன பண்டங்களுள் பிராந்தியும் ஒன்று. அரசன் பிறந்த கோட்டையைக் காட்டுபவர் இத்துறைமுகத்தையும் சேர்த்தன்றோ காட்டவேண்டும்? இதனை நம்மவர் எளிதில் உணரவேண்டும். தொழிலாளியைக் கட்டிவைக்கக் கள்ளுக்கடையைத் தோட்டத்திற்குள்ளேயே திறந்துவைத்த காலத்தை நம் முன்னோர் மலாயாவிற் கண்டவர்கள் அல்லரோ? கூலியாக ஒரு கையில் வாங்கியதை மறு கையாற் கள்ளுக்கடையிற் கொடுத்துவிட்டு லயத்திற்குத் திரும்பினவர் எத்தனை பேர்! அக்கொடுமையைப் பொறாமல் 1946, 47ஆம் ஆண்டுகளிற் கெடாவில் தோட்டத் தொழிலாளரே தொண்டர் படை திரட்டிக் கள்ளுக்கடைகளை எதிர்த்தனர். அவர் பேரர்களாகிய நாம் கள்ளுக்கடையை விட்டுப் பிராந்திக் கடைக்கு மாறிவிட்டு, இதனை முன்னேற்றம் என்று எண்ணுவோமாயின் அவர்க்கு என்ன விடை சொல்வோம்?

உழைப்பவன் எங்கே?

ஞாயிற்றுக்கிழமை நகரை விட்டு நீங்கித் திராட்சைத் தோட்டங்களின் ஊடே நடந்தோம். நாம் அவ்வூருக்குச் சென்றதன் பயன் அங்கேதான் கிட்டியது. ஏறத்தாழ 80 ஆயிரம் ஹெக்டேர் நிலத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட குடியானவர் அங்கே பயிரிடுகின்றனர். விற்பனையின் பெரும்பங்கோ நான்கே பெரிய நிலையங்களின் கையில் இருக்கிறது.

அக்குடியானவர் வரலாறு துயரமும் மானமும் கலந்தது. 1870களில் பிலாக்ஸரா என்னும் சிறு பூச்சி வேர்களைத் தின்று கொடிகளை அழித்தது. ஏறத்தாழ 2,80,000 ஹெக்டேராக இருந்த பயிர் 1893க்குள் ஏறத்தாழ 40,000 ஹெக்டேராய்க் குறைந்தது. அப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்தது. மருந்தும் அங்கிருந்தே வந்தது. 1887இல் பியேர் வியாலா என்னும் பிரெஞ்சு அறிஞர் அமெரிக்கா சென்று, டெக்சாஸ் நாட்டு மன்சன் என்பவரின் துணையோடு, சுண்ணாம்பு நிலத்திலும் பூச்சிக்குத் தோற்காத வேர்களைக் கண்டறிந்தார். அவ்வேரின்மேல் உள்ளூர்க் கொடியை ஒட்டுக் கட்டிப் பயிரை மீட்டனர். தூய பரம்பரை என்று பறைசாற்றும் அப்பானத்தின் வேர் அயல்நாட்டு வேர்! குலத்தூய்மை பேசுவோர் இதனையும் சிந்திக்கக் கடவர்.

பயிர் மீண்டவுடன் போலிச் சரக்கு பெருகியது. எங்கோ காய்ச்சியதற்குக் கோன்யாக் என்று பெயரிட்டு விற்றனர். குடியானவர் வாளாவிருக்கவில்லை. 1909இல் நிலத்தின் எல்லையைச் சட்டத்தால் வரையறுக்கச் செய்தனர். 1936இல் அப்பெயர்க்குரிய முழுப் பாதுகாப்பும் கிட்டியது. அவ்வெல்லைக்குள் விளைந்து அம்முறையில் வடித்தாலன்றி எவனும் அப்பெயரை இடலாகாது. தம் உழைப்பின் பெயரைப் பிறன் களவாடாதவாறு காத்துக்கொண்ட அவ்வறிவை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் சட்டத்தாற் பெயரைக் காக்க முடிந்ததேயன்றி வயிற்றைக் காக்க முடியவில்லை. சரக்கில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அயல்நாடுகளுக்கே செல்கிறது. சீனத்து மின்கார்கள்மேல் ஐரோப்பிய ஒன்றியம் வரி போட்டது. அப்பூசலினிடையே 2024 அக்டோபரிற் சீனம் ஐரோப்பியப் பிராந்திமேல் தற்காலிக வரி விதித்தது. 2025 ஜூலையில் அதனை உறுதியாக்கிற்று. குறைந்தபட்ச விலைக்கு உடன்பட்ட நிலையங்கள் தப்பின. வரி வருமுன்னரே, 2024 செப்டம்பரிற் குடியானவர் தம் டிராக்டர்களை ஓட்டிவந்து கோன்யாக் வீதிகளை நிறைத்தனர். கொடிகளைப் பிடுங்கி எறியும் யோசனைகளும் எழுந்தன. கார் செய்தவன் ஒருவன். வரி போட்டவன் வேறொருவன். வேரோடு பிடுங்கப்படுவதோ குடியானவன் கொடி!

இந்நிலை நமக்குப் புதிதன்று. 1930 முதல் 1932 வரை ரப்பர் விலை வீழ்ந்தபோது, மரம் வெட்டிய கைகளுக்கு வேலையில்லை என்று கூறி நம்மவரைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பியனுப்பினர். தொலைவில் உள்ள எவனோ கணக்கெழுதும்போது இங்குள்ள ஏழையின் அடுப்பு அவிகிறது. ஆகையால், புட்டியைக் கண்டு பெருமைப்படும் தமிழன், அப்புட்டிக்குப் பின்னே நிற்கும் குடியானவனைக் கண்டு உறவு கொண்டாடுவானாயின் அதுவே பொருந்தும். அவன் நம் இனத்தான், உழைப்பவர் இனத்தான்.

மருந்தென்னும் பொய்

எஞ்சியிருப்பது மருந்தென்னும் வாதம். நம் வீடுகளில் மிகுந்த கேடு விளைப்பது இதுவே. பிள்ளை பெற்றவளுக்குப் பிராந்தி, குளிருக்குப் பிராந்தி, குழந்தையின் வயிற்றுவலிக்கும் ஒரு சொட்டுப் பிராந்தி! குடியை வெறுக்கும் பாட்டியும் சமையலறை மூலையில் ஒரு சிறு புட்டியை ஒளித்துவைத்திருக்கிறாள். அவள் அன்பை நாம் ஐயுறவில்லை, அறிவையே கேட்கிறோம்.

பிராந்தி உடலைச் சூடாக்குவதில்லை. தோலடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. அதனாற் சூடு ஏறியதுபோல் தோன்றுகிறது. உண்மையில் உடலின் சூடு வெளியே கழிகிறது. தாய் அருந்தியது தாய்ப்பாலிற் கலந்து சேய்க்கும் செல்கிறது. மதுபானம் புற்றுநோய் விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 1988இலேயே தீர்மானித்தது. தீங்கில்லாத அளவு என ஒன்று இல்லை என்று அந்நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாக அறிவித்தது. கோன்யாக்கின் விலையுயர்ந்த சரக்குக்கும் கடைத்தெருச் சம்சுவுக்கும் இவ்விதியில் வேற்றுமை இல்லை. ஈரலுக்கு முத்திரை படிக்கத் தெரியாது.

“உழைத்த களைப்புக்கு ஒரு கிண்ணம் அருந்தினால் உலகம் கவிழுமோ?” என்பாரும் உளர். அவரோடு நாம் மல்லுக்கு நிற்கவில்லை. வளர்ந்த மனிதர் தம் வாய்க்குத் தாமே காவல். நாம் எதிர்ப்பது பொய்ப் பெருமையை. கள் குடித்தவனை இழித்துப் பிராந்தி குடித்தவனைப் போற்றும் நாக்கு, குடியை வெறுக்கவில்லை, ஏழ்மையையே வெறுக்கிறது. கல்யாணப் பந்தலிற் சீமைப் புட்டி வைக்காவிட்டாற் சம்பந்தி இகழ்வாரே என்று கடன் வாங்கும் தகப்பன், தன் மக்களின் பள்ளிச் செலவையன்றோ அப்புட்டியில் ஊற்றுகிறான்?

திங்களன்று காலை கோன்யாக்கை விட்டுப் புறப்பட்டோம். பையிற் புட்டி எதுவும் கொண்டுவரவில்லை. கொண்டுவரத்தக்கவை வேறு இரண்டு அவ்வூரில் இருந்தன. பேரனுக்காகப் பாட்டன் காத்திருக்கும் பொறுமை ஒன்று. தன் உழைப்பின் பெயரைத் தானே காக்கும் ஒற்றுமை மற்றொன்று. பொறுமையை நம் மக்களின் கல்வியிற் செலுத்துவோம். ஒற்றுமையை நம் சங்கங்களிற் செலுத்துவோம். அவற்றுக்குச் சுங்கவரி இல்லை. கண்ணாடி அலமாரியிற் புட்டி நிற்கும் இடத்திற் புத்தகம் நிற்கட்டும். வருவோர் போவோர்க்கு அதனைக் காட்டி மகிழ்வோம்.