மோவாயில் மூன்று முடி

பெண்கள் நாலு பேர் கூடினால் பேசாத விஷயமே கிடையாது என்று புருஷர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். பால் விலை பேசுவோம், மாமியார் பேசுவோம், பிரசவ வலியைக்கூட விஸ்தாரமாகப் பேசுவோம். ஆனால் மோவாயில் முளைக்கிற முடியைப் பற்றி மட்டும் ஒருத்தி இன்னொருத்தியிடம் வாய் திறக்க மாட்டாள். குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, கையில் பிளக்கருடன் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்கிற வாசகிகள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. தனியாக இல்லை என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமிக்கு ஒரே பெண். இருபத்தாறு வயது, நல்ல வேலை, சிரித்த முகம். அந்தச் சிரித்த முகத்தைக் கொஞ்ச நாளாகத் துப்பட்டாவில் பாதி மறைத்துக்கொண்டுதான் ரயிலுக்கு வருவாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்பாள். ஐப்பசியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. தை மாதம் முகூர்த்தம். மறுவாரம் தாம்பரத்தில் மகளிர் பெட்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-ல். அன்று முதல் எத்தனை ரகசியங்களை இந்தப் பெட்டிகள் கேட்டிருக்குமோ! அன்று இன்னும் ஒன்று கேட்டது.

"அக்கா, லேசர் நல்லதா, எலெக்ட்ராலிஸிஸ் நல்லதா? நீங்க பத்திரிகையிலே இருக்கேளே, உங்களுக்குத் தெரியும்னு கேக்கறேன்."

ஜி.எஸ்.டி. ரோடில் ஒரு கடையில் எட்டு தடவைக்குச் சேர்த்து 'பாக்கேஜ்' என்று சொன்னார்களாம். இன்று பணம் கட்டினால் பாதி விலை, நாளை வந்தால் முழு விலை. கல்யாணத்துக்குள் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்றும் வாக்குக் கொடுத்தார்களாம். மாமி வளையலை அடகு வைக்கவும் தயாராகிவிட்டாள்.

தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, வீட்டில் மற்றவர்கள் கண் விழிப்பதற்குள் முகத்தைச் சரி செய்துகொள்கிறாளாம். "கல்யாணத்துக்கு அப்புறம் அவருக்கு முன்னாலே எப்படி எழுந்துப்பேன், அக்கா? ஒரு நாள் தூங்கிட்டேன்னா?" என்று கேட்டாளே, அந்தக் கேள்விதான் எனக்குத் தொண்டையை அடைத்தது.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

வெயிலில் கறுப்புக் குடை பிடித்தால் துணி சூடேறுகிறது. வெள்ளை வேஷ்டி அவ்வளவு சூடேறுவதில்லை. லேசரின் சூட்சுமம் இவ்வளவுதான். முடியில் உள்ள கறுப்புச் சாயம் ஒளியை வாங்கிச் சூடாகிறது. அந்தச் சூட்டில் வேர் கருகுகிறது. முதல் லேசரை 1960-ல் அமெரிக்காவில் தியோடர் மைமன் செய்து காட்டினார். சுற்றியுள்ள தோலை விட்டுவிட்டு, வேண்டிய இடத்தை மட்டும் ஒளியால் சுடலாம் என்ற தத்துவத்தை 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரு வைத்தியர்கள் விளக்கினார்கள். தொண்ணூறுகளில் அது முடி நீக்கும் சிகிச்சையாக வந்து சேர்ந்தது.

ஒரு சங்கடம் உண்டு. முடியில் இருக்கிற அதே சாயம்தான் நம் தோலிலும் இருக்கிறது. வெள்ளைக்காரிக்கு வெளுத்த தோலில் கறுத்த முடி, ஒளிக்குக் குழப்பமில்லை. நமக்கோ தோலும் மாநிறம் அல்லது கறுப்பு. பொருத்தமில்லாத கருவியைக் கொண்டு சுட்டால் முடியோடு தோலும் வெந்து, கருந்தழும்பு நின்றுவிடும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள 'என்டி-யாக்' லேசர் பத்திரமானது. அது தோலின் சாயத்தில் அதிகம் சிக்காமல் ஆழத்துக்குப் போகும். 800 சொச்சம் அலைநீளமுள்ள 'டயோடு' லேசரையும் தெரிந்த கை பக்குவமாக உபயோகிக்கலாம். 'ஐ.பி.எல்.' என்பது லேசரே அல்ல, பல நிற ஒளிகளின் கலவை. ஆகையால் "எந்த மெஷின்?" என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கத்தரிக்காய்க்கே நாம் சொத்தை பார்த்துத்தானே வாங்குகிறோம்?

எலெக்ட்ராலிஸிஸ் என்னும் மின் ஊசி சிகிச்சை இதற்கெல்லாம் பாட்டி. 1875-ல் செயின்ட் லூயி நகரத்துக் கண் வைத்தியர் சார்லஸ் மிஷல், உள்பக்கம் திரும்பிக் கண்ணைக் குத்துகிற இமை முடியை மின்சாரத்தால் அழித்ததை எழுதி வெளியிட்டார். மயிரிழை போன்ற ஊசியை ஒவ்வொரு முடியின் குழியிலும் செருகி, துளி மின்சாரம் செலுத்துவார்கள். குழியிலுள்ள உப்பும் நீரும் அங்கேயே காஸ்டிக் சோடாவாக மாறி வேரை அழித்துவிடும். வேறு வகை மின்சாரத்தால் சூடேற்றி அழிப்பதும் உண்டு, இரண்டையும் கலப்பதும் உண்டு. முடி கறுப்பா, வெள்ளையா, செம்பட்டையா என்பது இதற்கு ஒரு பொருட்டே அல்ல. தோலின் நிறமும் அப்படியே.

பின் எல்லோரும் ஊசிக்கே போகலாமே என்பீர்கள். ஒரு முடிக்கு ஒரு குத்து! மோவாயில் முப்பது என்றால் சரி. கையும் காலும் என்றால் எண்ணி முடிவதற்குள் பேத்தி பிறந்துவிடுவாள். வலியும் சற்று அதிகம். கை பழகாதவர் குத்தினால் தழும்பு விழும். லேசர் பலகை தெருவுக்குத் தெரு தொங்குகிறது. ஊசிக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பலனிலும் வித்தியாசம் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேசருக்கு 'நிரந்தரக் குறைப்பு' என்று சொல்லிக்கொள்ளத்தான் இடம் கொடுத்திருக்கிறது. அதாவது முடி குறையும், மெலியும். அடியோடு போய்விடும் என்று அர்த்தமில்லை. 'நிரந்தர நீக்கம்' என்ற பட்டம் மின் ஊசிக்குத்தான். கடைக்காரர் இந்த இரண்டு வார்த்தைகளையும் ஒன்றாக்கிப் பேசினால் கைப்பையை மூடிக்கொண்டு எழுந்து வாருங்கள்.

ஆகவே, விஸ்தீரணமான இடத்தில் கறுத்துத் தடித்த முடியானால் லேசர். எண்ணக்கூடிய சில முடிகள், நரைத்தவை, லேசருக்குப் பிறகும் மிஞ்சியவை என்றால் ஊசி. கன்னத்துப் பூனை முடி மீது லேசர் காட்டவே வேண்டாம். சில பெண்களுக்கு, முக்கியமாக நம் போன்ற நிறமுள்ளவர்களுக்கு, கன்னத்திலும் கழுத்திலும் அது முன்பைவிட அடர்ந்து வளர்ந்துவிடுவது உண்டு. பணம் கொடுத்து வினையை வாங்குவது என்றால் இதுதான்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டி பல்லாவரம் தாண்டிவிட்டது. அப்புறம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"மாசா மாசம் ஒழுங்கா வருதா உனக்கு?"

பெண் ஜன்னலுக்கு வெளியே திரிசூலம் மலையைப் பார்த்தாள். மீனம்பாக்கம் வந்தது, போயிற்று. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும், அக்கா. சில சமயம் நாலு. அம்மா கிட்டே சொல்லலை. கல்யாணம் பேசற நேரத்திலே எதுக்குன்னு..."

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இளம் பெண்ணுக்கு மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்ந்து, மாத விலக்கும் தவறிக்கொண்டிருந்தால், முடி என்பது வியாதியல்ல, தகவல். பி.சி.ஓ.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற கோளாறு பெரும்பாலும் காரணமாக இருக்கும். சிகாகோவில் ஸ்டீன், லெவெந்தால் என்ற வைத்தியர்கள் 1935-லேயே இதை விவரித்திருக்கிறார்கள். ஆண்களுக்குரியது என்று நாம் நினைக்கிற டெஸ்டாஸ்டிரோன் பெண்கள் உடலிலும் கொஞ்சம் உண்டு. அது அளவு மீறினால் பூனை முடி கறுத்த முடியாக மாறுகிறது. அதைக் கவனிக்காமல் லேசர் காட்டினால் ஒரு பக்கம் வேர் கருக, மறுபக்கம் புது முடி வந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை வியாதிக்கும் வழி திறக்கும். குரல் கம்மி, சில மாதங்களுக்குள் வேகமாக முடி வளர்ந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பரிசோதனைக்குப் பெரிய செலவுதான் ஆக வேண்டும் என்பதில்லை. தாம்பரத்திலிருந்து வடக்கே போகிற வண்டியில் ஏறினால் பூங்கா ஸ்டேஷன் வாசலில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. தெற்கே ஏறினால் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தனியாரிடம் போனால் தோல் வைத்தியத்தில் மேல்பட்டம் பெற்றவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிந்தவரா என்று பாருங்கள்.

லேசருக்குப் போகிறவர்கள் அதற்கு நாலு வாரம் முன்பே நூல் பிடிப்பதையும் பிடுங்குவதையும் நிறுத்திவிட வேண்டும். வேர் இருந்தால்தானே சுட முடியும்? சவரம் செய்யலாம், சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது பாட்டி கதை. முடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வளர்வதில்லை, முறை வைத்துத் தூங்குகின்றன. ஆகையால் நாலு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு தடவை போக வேண்டும். இரண்டு மாதத்தில் பளிங்கு என்பது கணக்குக்கே ஒத்து வராது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடாமல் லேசரைக் காட்ட விடாதீர்கள். புருவத்தருகே வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மின் ஊசிக்குப் போகக் கூடாது. ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரித்ததாக இருக்க வேண்டும்.

கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, குப்பைமேனிப் பொடி எல்லாம் முகத்துக்குக் குளிர்ச்சி தரலாம். தடித்த முடியின் வேரை எட்டாது. புதுமையைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எக்ஸ்-ரே 1895-ல் கண்டுபிடிக்கப்பட்டது. 1896-லேயே வியன்னாவில் லியோபோல்ட் பிராய்ண்ட் அதனால் முடி உதிர்த்துக் காட்டினார். 1920-களில் அமெரிக்க அழகு நிலையங்கள் அந்தக் கருவியைப் பெண்களின் முகத்துக்கு நேரே வைத்துக் காசு பார்த்தன. வருஷங்கள் கழித்து அந்த முகங்களில் புண்ணும் புற்றும் வந்தன. அன்றும் "வலிக்காது, உடனே போய்விடும்" என்றுதான் சொன்னார்கள்.

மாமி பெண் பாக்கேஜ் கட்டவில்லை. வளையல் மாமியின் கையிலேயே இருக்கிறது. வைத்தியரிடம் போனாள், நான் நினைத்ததுதான். மாத்திரையும் நடைப்பயிற்சியும் ஆரம்பமாயின. கல்யாணத்துக்கு முதல் நாள் வழக்கம் போல நூல் பிடித்துக்கொண்டாள். ஆனால் அதற்கும் ஒரு வாரம் முன்பு, மாப்பிள்ளைக்குத் தானே போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "எங்க அக்காவுக்கும் இதேதான். குரோம்பேட்டையிலே காட்டறா. உனக்கும் கேட்டுச் சொல்லட்டுமா?" என்றாராம் அவர். இப்போது நாலரை மணிக்கு எழுந்திருப்பதில்லை. மோவாயின் கீழ் லேசர் நாலு தடவை ஆகியிருக்கிறது. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்கிறாள். மிஞ்சுவதற்கு ஊசி.

போன ஞாயிற்றுக்கிழமை மாமி கொல்லைப்புறமாக என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மோவாயை நிமிர்த்திக் காட்டினாள். மூன்றே மூன்று நரைமுடி.

"அம்பது வயசிலேருந்து இருக்குடி. யார் கிட்டேயும் சொன்னதில்லை. இதுக்கு லேசரா, மத்ததா?"

"லேசருக்கு உங்க நரை கண்ணிலேயே படாது, மாமி. ஊசிதான். இல்லேன்னா பிளக்கர்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா அப்படியே விட்டுடுங்கோ. அதுவும் ஒரு வழிதான்."

மாமி சிறிது நேரம் யோசித்தாள். பிறகு மோவாயை ஒரு தடவை தடவிக்கொண்டு, "இருந்துட்டுப் போகட்டும். மூணு பேருக்கு இடமில்லையா என்ன?" என்று சிரித்தபடி காப்பி போட உள்ளே போனாள்.