1.0 என்று அச்சடித்த மெஷின்

2022 மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிப்பாட்டின நேரம். இறுதி வருட ஆய்வுக்காகத் தேயிலையில் கஃபீன் அளந்துகொண்டிருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரேயொரு எச்.பி.எல்.சி. மெஷின். ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நியமக் கரைசல்கள் எல்லாம் ஓடி முடிஞ்சுது. மாதிரிகள் ஆறு மிச்சம், ஒன்றுக்குப் பத்து நிமிடம். கரண்ட் போக இன்னும் 50 நிமிடம்தான் இருக்கு.

முதல் மாதிரி ஓடத் தொடங்கி ரெண்டு நிமிடம் இருக்கும். பக்கத்தில் நின்ற சீனியர் அண்ணா சொன்னார், "ஃப்ளோவை 1.2 ஆக்கு தங்கச்சி. எல்லாம் கொஞ்சம் முன்னுக்கு வரும், அவ்வளவுதான்."

பம்பிலேயே பட்டனை அமத்தினேன். ஆறும் முடிஞ்சுது. சந்தோசமாக வீட்டை போனேன்.

அந்த "அவ்வளவுதான்" பிழை. முன்னுக்கு வருவது உண்மை: நிமிடத்துக்கு 1.0 மில்லிலீற்றர் வேகத்தில் 4.8 நிமிடத்தில் வந்த கஃபீன், 1.2 இல் 4.0 நிமிடத்தில் வரும். நான் இடையில் கை வைத்த மாதிரியில் மட்டும் 4.3 இல் வந்தது, ரெண்டிலும் சேராமல். இது கண்ணுக்குத் தெரியிற பிழை, பிடிச்சிடலாம்.

தெரியாதது பீக்கின் பரப்பு. டிடெக்டர் கஃபீனை எண்ணுவதில்லை. தன் வெளிச்சத்துக்குள் அது எவ்வளவு செறிவாக, எவ்வளவு நேரம் நிக்குது என்றுதான் பார்க்குது. வேகம் கூடினால் அதே அளவு கஃபீன் கெதியாகக் கடந்துபோகும், பரப்பு சுருங்கும். நியமங்கள் 1.0 இல், மாதிரிகள் 1.2 இல் என்றால் 30 மில்லிகிராம் இருக்கிற இடத்தில் 25 என்று விடை வரும். பீக் வடிவாகத்தான் இருக்கும், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

எங்கட பழைய பம்புக்கும் கணினிக்கும் அந்த விசயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. ஆறு அறிக்கையிலும் வேகம் 1.0 என்றே அச்சாகி வந்தது. எனக்கு உண்மையில் உறுத்தினது இதுதான்.

தேயிலைதானே, ஆர் சாகப்போகினம் என்று கேட்கலாம். இதே மெஷின்தான் மருந்துக் குளிசைகளையும் சோதிக்குது. 2005 இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஏபிள் லாபரட்டரீஸ் என்ற நிறுவனம் தன் மருந்துகள் அத்தனையையும் சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. ஆய்வுகூடத்தில் முடிவுகளை மாற்றியிருந்தது வெளியில் வந்த கதை அது. நான் செய்ததும் அதுவும் ஒன்றில்லை, எனக்கு ஏமாத்துற எண்ணம் இருக்கேல்லை. ஆனால் அறிக்கையை வாசிக்கிறவருக்கு எண்ணம் தெரியாது, எண்தான் தெரியும்.

அதுக்காக ஓடுற மெஷினைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழுத்தம் கட்டுப்பாடில்லாமல் ஏறினால் உடனே நிப்பாட்டுங்கோ, கொலம் விலைகூடின சாமான். ஒரு மூலிகைச் சாற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரிச்சு எடுக்கத்தான் ஓடவிடுறீங்கள் என்றால் இடையில் கரைப்பானை மாத்துறது வழமையான வேலை. புது முறை தேடும்போதும் அப்படித்தான். அளக்கிற ஓட்டம் வேற. அதில் வேகத்தைக் கூட்டத்தான் வேணும் என்றால் ஓட்டத்தை நிப்பாட்டி, நியமங்களையும் அந்த வேகத்திலேயே திரும்ப ஓட்ட வேணும். நேரம் போகும், மெதனோலும் போகும். முடியாவிட்டால் மூன்று மாதிரியோடு நிக்கலாம். மூன்று மாதிரி இருக்கிற ஆய்வேடு வெட்கப்படுற விசயமில்லை. ஆனால் அதை மாணவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது மேற்பார்வையாளர்கள். பயத்தில்தான் நாங்கள் பட்டனை அமத்துறம்.

ஒரு கிழமை கழிச்சுத்தான் எனக்கு விளங்கினது. மாதிரிகளைப் புதிதாகத் தயாரித்து, நாலை மட்டும் திரும்ப ஓட்ட முடிஞ்சுது. பழைய ஆறையும் பின்னிணைப்பில் போட்டு, என்ன நடந்தது என்று ரெண்டு வரி எழுதினேன். வைவாவில் அதைப்பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை.