நாவல் இருக்கத் தைலமரமா?

மேற்குமலை முகட்டுப் பள்ளங்களில் என்றும் பசுமை மாறாது நிற்கும் குறுங்காட்டை ஆராயும் அறிவியலார், ஆங்கிலத்தில் எழுதினாலும் 'சோலை' என்னும் தமிழ்ச்சொல்லையே ஆள்கின்றனர். அக்காட்டின் பெயரைத் தமிழனிடமிருந்து பெற்ற வெள்ளையர், காட்டை அழித்து அவனுக்குக் கைம்மாறாகக் கொடுத்த மரம் ஒன்று உண்டு. அதுவே யூக்கலிப்டசு.

தம் மண்ணில் அது குறையுள்ள மரம் அன்று. எழுநூற்றுக்கும் மேற்பட்ட அதன் இனங்களுள் ஏறத்தாழ எல்லாமே ஆத்திரேலிய நிலத்திற்கு உரியவை. நீலமலையில் நடப்பட்ட இனம், தாசுமேனியாத் தீவும் அதனை அடுத்த தென்கிழக்கு ஆத்திரேலியாவும் ஈன்றது. அத்தீவினர் அதன் பூவையே தம் நாட்டு மலராகக் கொண்டுள்ளனர். ஆங்கே கோவாலா அதன் இலையைத் தின்னும். புள்ளினம் அதன் தேனை உண்ணும். முதிர்ந்த அடிமரப் பொந்துகளில் ஆந்தை குடியிருக்கும். காட்டுத்தீ எரித்துச் சென்றாலும் மீண்டும் துளிர்க்கும் திறம் அதற்குண்டு. அம்மரத்தோடு எவர்க்கும் பகையில்லை. அதனை இங்குக் கொணர்ந்து நட்ட மதியோடுதான் பகை.

1843-ஆம் ஆண்டளவில் உதகைப் பகுதியில் வெள்ளையர் அதனை நட்டனர். குளிர்காய விறகு வேண்டும் என்பதே நோக்கம். சோலையும் புல்வெளியும் அவர் கண்ணுக்கு வீணிலமாகத் தோன்றின. அப்புல்வெளியே மழைநீரை உறிஞ்சிச் சிறுகச் சிறுக ஓடைக்கு ஊட்டிய தாய் என்பதை அவர் அறிந்திலர். பின்னாளில் நீலமலைக் கிளென்மார்கனில் நிகழ்ந்த ஆய்வு உண்மையை அளந்து காட்டியது. புல்வெளியில் இம்மரத்தை வளர்த்தபோது, ஓடைக்கு வரும் நீர் முதற் பத்தாண்டுச் சுழற்சியில் 16 விழுக்காடும், மறுதாம்பில் 25 விழுக்காடும் குறைந்தது.

வெள்ளையன் போனபின் தமிழ்நாட்டரசு என்ன செய்தது? 1974-இல் காட்டுத்தோட்டக் கழகம் நிறுவிப் புதுக்கோட்டைச் சீமையில் இம்மரத்தையே பரக்க வளர்த்தது. தாள் ஆலைக்குக் கூழ்மரம் வேண்டுமாம்! விரைந்து வளரும், ஆடுமாடு கடிக்காது, ஆகவே நல்லமரம் என்றனர். ஆடு கடிக்காத இலையை அணிலும் கடிக்காது, புழுவும் கடிக்காது என்பதும், புழுவில்லாக் காட்டில் குருவியும் இராது என்பதும் அவர்க்கு ஏன் தோன்றவில்லை? கன்னடத்துத் தும்கூர் உழவர் 1983-இல் நாற்றுப்பண்ணைக்குட் புகுந்து இம்மரக் கன்றுகளைப் பிடுங்கியெறிந்து, அவ்விடத்திற் புளிவிதையும் மாவிதையும் ஊன்றினர். கன்னட அரசு 2017-இல் புதிதாய் நடுவதற்கே தடை விதித்தது. தமிழன் இன்னும் தாளின் வெண்மையைப் பார்த்து மயங்கிக் கிடக்கிறான்.

இதற்குத் தமிழ்ப்பெயர் ஆக்கித் தருக எனக் கேட்பாரும் உளர். மக்கள் 'தைலமரம்' என்கின்றனர், தைலமோ வடசொல். 'எண்ணெய்மரம்' எனலாம், மொட்டின் மூடி கருதிக் கிரேக்கர் மொழியில் இட்ட பெயரைப் பெயர்த்து 'மூடிமலர்' எனினும் ஆகும். பெயர்க்கோ தமிழிற் பஞ்சம்? ஆயினும் தமிழ்ப்பெயர் சூட்டிய அளவில் அது தமிழ்மரம் ஆகிவிடாது. குறிஞ்சி, முல்லை, மருதம் என நிலத்தையே செடியாலும் மரத்தாலும் பெயரிட்டழைத்தவன் தமிழன். இம்மண்ணில் நில்லாத மரத்திற்கு அவன் பெயர் வையாதது மொழியின் குறையன்று.

இம்மரத்தின் உறவு மரமொன்று நம்மிடமே உண்டு. நிலைத்திணையியலார் யூக்கலிப்டசை வைத்த மரக்குடியிலேயே நாவலையும் வைத்துள்ளனர். நாவலந்தீவு என இப்பெருநிலத்திற்கே பெயரீந்த மரம்! கனி தரும், நிழல் தரும், ஓடைக்கரையில் மண்ணைக் கட்டி நிறுத்தும். உடன்பிறந்தாளை வெளியில் நிறுத்திக் கடல்கடந்த ஒன்றுவிட்ட உறவுக்குப் பந்தி விரித்த கதையாயிற்று.

திருவில்லிபுத்தூர்ச் செண்பகத்தோப்புக்குச் சென்று பார்ப்பார்க்கு இது விளங்கும். அவ்விடத்தின் பெயரே மரத்தின் பெயர். தென்னிந்தியாவிலும் ஈழத்தீவிலுமன்றி வேறெங்கும் இல்லாத நரையணிலைக் காக்க 1988-இல் அம்மலையிற் புகலிடம் அமைந்தது. 2021-இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமும் ஆயிற்று. அவ்வணில் கிளைவிட்டுக் கிளை தாவி வாழ்வது. நிலத்தில் இறங்க அஞ்சுவது. கொப்போடு கொப்புப் பின்னிய ஓடைக்கரை மரங்களே அதற்குத் தெரு. புளியும் மாவுமே அதற்குச் சோறு. வரிசையாய் நட்டுப் பத்தாண்டுக்குள் வெட்டும் கூழ்மரத் தோப்பில் அது எவ்வாறு வாழும்? இராசபாளையத்து அய்யனார் கோயில் ஓடை ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தை நிறைப்பதும் மேலேயுள்ள அக்காட்டின் அருளாலேயே. ஊரார் குடிக்கும் நீர் அது.

அயல் செடிகொடிகளை அகற்றி இயற்கைக் காட்டை மீட்போம் எனத் தமிழ்நாட்டரசு 2022-இல் கொள்கை வெளியிட்டது. நன்று. அக்கொள்கை தாளோடு நில்லாமல் புதுக்கோட்டைக் கூழ்மரத் தோட்டங்களுக்குள்ளும் புகுதல் வேண்டும். வெட்டிய அடிக்கட்டை மறுபடி தழைக்கும். ஆகலின் தூரோடு அகழ்தல் வேண்டும். இராசபாளையம், திருவில்லிபுத்தூர் அடிவாரத்து ஊராட்சிகள் பசுமைத் திட்டம் என்று வரும் எந்தக் கன்றையும் இன்னமரம் என்று கேளாமல் வாங்குதல் கூடாது. வரும் கார்மழைக்குமுன் நாவல், மருது, புளி, செண்பகம் ஆகியவற்றின் நாற்றை அவ்வூரார் தாமே வளர்த்து ஆயத்தமாக வைத்தல் வேண்டும்.