மகளுக்காக எழுந்த வீடு

பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் நாம் நகை, பாத்திரம், பட்டுப் புடவை என்று பட்டியல் போடுவோம். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 1930களில் ஒரு தகப்பனார் தம் மூத்த மகள் விசாலாட்சிக்காக ஒரு வீட்டையே எழுப்பினார். இன்று 'விசாலம்' என்ற பெயரில் ஓட்டலாக இருப்பது அதுதான்.

"மகளுக்கு வீடா! புக்ககத்தில் என்ன சொன்னாங்களோ?" என்றாள் என் நாத்தனார். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நகரத்தார் வழக்கப்படி வீடு ஆண் பிள்ளைகள் வழியாகத்தான் போகும். பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவளுக்கு. சில காலம் கழித்து, அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பார்கள். இதற்கு 'வேறு வைப்பது' என்று பெயர். ஒரே கூரை, பல அடுப்பு! மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த நாளில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பிறப்புரிமை கிடையாது. நம் தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் வந்ததே 1989-ல்தான். அதுவும் அப்போது கல்யாணமாகாத பெண்களுக்கு மட்டும். நாடு முழுவதற்கும் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டு பார்த்தால், மகள் பேரைத் தாங்கி நிற்கும் அந்த வீடு இன்னும் பெரிசாகத் தெரிகிறது.

பழைய செட்டிநாட்டு வீடு என்றால் முகப்பு, திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். பர்மா தேக்கில் தூண், இத்தாலியிலிருந்து பளிங்கு, பெல்ஜியத்துக் கண்ணாடி. விசாலம் கொஞ்சம் மாறுபட்டது. அப்போது பம்பாயில் புது மோஸ்தராக இருந்த 'ஆர்ட் டெகோ' பாணியை இதில் காணலாம். அப்பா காலத்துக்கேற்றவர் போலிருக்கிறது!

இந்தப் பக்கத்து வீடுகளின் சுவரைத் தொட்டுப் பாருங்கள், முட்டை ஓடு மாதிரி வழவழவென்றிருக்கும். சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றியது. சித்திரை வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்றிருக்கும்.

தரைக்கல் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்வது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவை ஊற்றி, மேலே சிமெண்டும் மணலும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் காய வைக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் பளபளப்புதான் கல்லுக்கும் வருகிறது. சூளையில் சுடுவதே கிடையாது. உங்கள் வீட்டில் இந்தக் கல் போட்டிருந்தால் கறை போக்க ஆசிட் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், மேல்பூச்சு அரித்துவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தேய்ப்பு போதும். புழங்கப் புழங்க மினுமினுப்பு கூடும்.

விசாலம் எழுந்த சில வருஷங்களில் யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பான்காரர்கள் பர்மாவில் புகுந்ததும் செட்டிநாட்டின் செல்வம் அங்கேயே முடங்கிப்போனது. அப்புறம் இவ்வளவு பெரிய வீடுகளை யார் கூட்டிப் பெருக்குவது? ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். மனசு ஒத்துப்போகாத இடங்களில் வீட்டை இடித்து, தூணையும் கதவையும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கடைகளில் ஒரு மரச் செப்பை எடுத்துப் பார்த்தேன், எந்தப் பெண்ணின் சீரோ! வாங்க மனம் வரவில்லை.

அதனால் காசு கொடுத்துத் தங்க யார் யாரோ வருகிறார்களே என்று எனக்கு வருத்தமில்லை. விளக்கு எரிகிறது, அடுப்பு புகைகிறது, விசாலாட்சியின் பேர் வாசலில் இருக்கிறது. வாடகை நம் பட்ஜெட்டுக்கு எட்டாது, அது வேறு விஷயம். ஊரைப் பார்க்கக் காசு வேண்டாமே! காரைக்குடி – திருச்சி ரயில் பாதையில் 'செட்டிநாடு' என்று ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கினால் கானாடுகாத்தான்தான். குழந்தைகளுக்குத் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள், தெருக்கள் நீளமானவை.